கூண்டுக்கு நடுவில் ஒரு பலகை

கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான்: சத்தமில்லாத மத்தியானம். கடையில் நாளெல்லாம் நூறு கடிகாரங்கள் காதுக்குள் அடிக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், பின்னறைச் சாய்வு நாற்காலியில் அரைமணி நேரம் கண் அயர வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அரைமணிக்கும் உலை வைத்தவை மச்சினியின் கிளிகள். மனைவி ஏற்கெனவே கொல்லையில் ஒரு ஜோடி வளர்த்தாள், பெரிய கம்பிவலைக் கூண்டில். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய தங்கைக்காரி, தன் ஜோடியையும் கூண்டோடு கொண்டுவந்து பக்கத்திலேயே ஒட்டி நிறுத்திவிட்டுப் போனாள். அன்றைக்கே இரண்டு ஆண்கிளிகளும் வலையில் தொற்றிக்கொண்டு ஒன்றின் விரலை ஒன்று கடித்தன. மற்றவர்களுக்கு அது கிளிச் சண்டை. இவருக்குக் கிலிச் சண்டை.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். கடைசி பெஞ்சுத் தகராறுகளைத் தீர்த்துத் தீர்த்துப் பழகியவள். இரண்டு கூண்டுக்கும் நடுவே ஒரு பலகையைச் சொருகினாள். தீனிக் கிண்ணங்களை ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளினாள். எதிரி கண்ணில் படாததும் கிளிகள் அடங்கின. சண்டைதான் நின்றது, பேச்சு நிற்கவில்லை. முன்பு கத்தியது இரண்டு, இப்போது நான்கு.

மச்சினியின் ஜோடியை அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்று இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"சும்மா இருக்கிற கிளிய எதுக்கு விரட்டணும்?" என்றாள் மனைவி.

சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று தீர்மானித்தார்.

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் பலகையை உருவினார். கிண்ணங்களை வலையோரம் நகர்த்தினார். கையைத் தட்டிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

சாயங்காலம் கொல்லையெல்லாம் இறகு. மனைவியின் கிளி ஒற்றைக் காலில் நின்றது. பார்த்ததும் அவருக்கே மனசு சுருக்கென்றது. ஆனால் ஆரம்பித்த பொய்யை நடுவில் விட முடியுமா? காற்றில் பலகை விழுந்துவிட்டது என்றார்.

"கிண்ணமும் காத்துலதான் நகர்ந்துச்சா?"

அவசரமாக வேறொன்றைச் சொன்னார். "இதுங்களுக்குப் பலகை எல்லாம் பத்தாது. நடுவுல ஒரு சுவரே இருக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும்.

மனைவி கிளியின் காலில் மருந்து தடவி முடித்தாள். "நீங்க சொல்றதுதான் சரி," என்றாள்.

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் கேட்டிராத வாக்கியம். மச்சினியின் ஜோடி இனி மாமியார் வீட்டுக்குத்தான் என்று, மறுநாள் கடையில் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கொல்லையில் ஒரே ஒரு கூண்டு. மற்றது நின்ற இடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பின்னறை ஜன்னலோரம் மச்சினியின் கூண்டைப் பொருத்திவிட்டுத் தச்சர் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கிளிகள் அறையைச் சுற்றிப் பார்த்து ஏகமனதாகக் கத்தின. நடுவில் சுவர் இருந்தது, அவர் கேட்டபடியே.

லீவு போட்டிருந்த மனைவி தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அத்தானே அவரு ரூமைக் குடுத்துட்டாருடி. நீ ஒண்ணும் அவசரப்படாத, ரெண்டு வருஷம் நிதானமா இருந்துட்டு வா."