காசோலைச் சுவரைப் பற்றி டத்தோ அவர்களுக்கு

கார்த்திகா த/பெ சுகுமாறன்,
ஆறாம் ஆண்டு,
கிள்ளான்.

பெருமதிப்பிற்குரிய டத்தோ ஞானசம்பந்தம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். என் தோழி விஷ்ணுப்ரியா பாதி நலம். எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கடந்த சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நடந்த விவாதப் போட்டியில், டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் என்று தலைமை நடுவராக அழைக்கப்பட்டு வந்திருந்த தங்களிடம் ஒலிபெருக்கியில் கேள்வி கேட்ட மாணவி நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் திரு. கமலநாதன் ஐயா சொன்னார். நான் எழுதிய முதல் மூன்று கடிதங்களும் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டன. ஆகவே ஐயாவே நான்கு வரி சொல்ல, நான் எழுதிக் கையெழுத்திட்டேன். அது இந்த உறையில் முதலில் இருக்கிறது. அதுதான் மன்னிப்பு. இது விளக்கம். காரணம் சொல்லாமல் கேட்கும் மன்னிப்பு பாதி மன்னிப்புதான் என்று எனக்குத் தோன்றியதால் இதையும் சேர்த்து வைக்கிறேன். இது உள்ளே இருப்பது ஐயாவுக்குத் தெரியாது.

போட்டியின் தலைப்பு தங்களுக்கு நினைவிருக்கும். "அரசுப் பள்ளிகளின் தேவைக்காக வரியை உயர்த்த வேண்டும்." எந்த அணி என்பதைக் குலுக்கல் முறையில் எடுத்தோம். எனக்கு உயர்த்த வேண்டாம் என்ற பக்கம் வந்தது, விஷ்ணுப்ரியாவுக்கு உயர்த்த வேண்டும் என்ற பக்கம். நான் நூலகத்தில் வரி பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் அதற்கு முன்பே படித்து, உயர்த்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, நம்பாததைப் பேசக் கற்பதுதான் விவாதம் என்று ஐயா சொன்னார். சரி என்று உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கத்துக்கும் நானே எழுதினேன், ஏனென்றால் விஷ்ணுப்ரியாவால் எழுத முடியாது. அவள் சொல்லச் சொல்ல அவள் பேச்சை எழுதிவிட்டு, பிறகு அதை மறந்துவிட்டு என் பேச்சை எழுத வேண்டியிருந்தது. மறப்பதுதான் கடினமாக இருந்தது. உதாரணமாக, "வரிப்பணத்துக்கு யாரும் வரவேற்பு நடனம் ஆட வேண்டியதில்லை" என்று அவள் சொன்னாள். தங்கள் வருகைக்கான நடனத்துக்காக மூன்று வாரம் எங்களுக்குக் கணிதப் பாடம் நடக்கவில்லை என்பதால், அதற்கு எதிர்வாதம் கிடைக்காமல் நான் ஒரு நாள் முழுக்கத் திணறினேன்.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். "வரிய ஏத்தவே கூடாதுலா," என்று சோற்றில் கை வைத்தபடியே ஆரம்பித்தார். "ஏத்துறப்ப எல்லார்கிட்டயும் ஏத்துவான். அது நம்ப ஸ்கூல் வாசலுக்கு வந்து சேருமான்னு கேளு, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். டத்தோவுக்கு வரிய ஏத்துனா அவரு அக்கவுண்டன்ட் பாத்துக்குவாரு. எனக்கு ஏத்துனா யாரு பாத்துக்குவா? உங்கம்மா பாத்துக்குவாளா?" அம்மா அடுப்படியிலிருந்து, "என்னை ஏன்யா இழுக்கற? நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்றார். அப்பா சொன்னதில் முதல் இரண்டு வரிகளை எடுத்துக்கொண்டேன். தங்கள் அக்கவுண்டன்ட் பற்றியதை மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, வேறு வழி எது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கேதான் தங்களைச் சேர்த்தேன். வரியே வேண்டியதில்லை, நல்ல மனம் படைத்தவர்கள் தாமாகவே கொடுக்கிறார்கள் என்பதுதான் என் முக்கிய வாதம். அதற்குச் சான்றாக எங்கள் சுவரைக் காட்டினேன்.

டத்தோ அவர்களே, அந்தச் சுவரைப் பற்றித் தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மார்ச் மாதம் எங்கள் பின்கட்டடத்தில் கூரையின் கீழ்ப்பலகை ஒரு பகுதி உடைந்து, சட்டத்தோடு சேர்ந்து, இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது விஷ்ணுப்ரியாவின் மேல் விழுந்தது. நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. என் மேல் தூசி மட்டும் விழுந்தது. அவளுக்கு வலது தோள் எலும்பு முறிந்து, எலும்பு சேர்ந்துவிட்டாலும் விரல்கள் இன்னும் சரியாக மூடுவதில்லை. பென்சில் நழுவுகிறது. பள்ளியிலேயே அவள் கையெழுத்துத்தான் அழகு, அறிவிப்புப் பலகையில் எழுதுவதெல்லாம் அவள்தான். இப்போது நான் எழுதுகிறேன். பார்த்தாலே தெரியும். அதன்பிறகு அதிகாரிகள் வந்து பின்கட்டடத்தைச் சிவப்பு வெள்ளை நாடா கட்டி மூடிவிட்டார்கள். நான்காம் ஆண்டினரும் நாங்களும் மண்டபத்துக்கு வந்தோம். நடுவில் தடுப்பு இல்லாமல் நான்காம் ஆண்டின் வாய்ப்பாடும் எங்கள் இலக்கணமும் ஒன்றாகக் கேட்டது. அப்போதுதான் கமலநாதன் ஐயாவுக்கு மேடைக்குப் பின்னால் கிடந்த மாதிரி காசோலைகள் நினைவுக்கு வந்தன. நன்கொடை அறிவிக்கும் விழாக்களில் படம் எடுப்பதற்காகப் பிடிப்பார்களே, ஆறடி நீளப் பிளாஸ்டிக் அட்டை, அவைதான். ஏழு இருந்தன. பூப்பந்துக் கம்பங்களில் ராஃபியா கயிற்றால் கட்டி ஐயாவே சுவர் எழுப்பினார். வெள்ளைப் பக்கம் நான்காம் ஆண்டுக்கு, எழுத்துப் பக்கம் எங்களுக்கு. பெரிய எண்களை நாங்கள் அதைப் பார்த்துத்தான் படித்தோம். ஏழில் மூன்று தங்களுடையவை.

போட்டியன்று, தங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று, ஐயா அந்தச் சுவரை அப்படியே மேடைக்குப் பின்னால் நகர்த்தி வைக்கச் சொன்னார். விழா முடிவில் தாங்கள் கொடுப்பதாக இருந்த எட்டாவது காசோலையும் ஓரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் என் நான்கு நிமிடத்தில் ஏழையும் ஒவ்வொன்றாகக் கைகாட்டி, தேதி, தொகை, நோக்கம் மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னேன். தாங்கள் தலையசைத்தீர்கள். மண்டபமே கைதட்டியது. நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு எதிரணிக் கேள்வி நேரம். விஷ்ணுப்ரியா தன் பேச்சை முழுக்க என்னிடம் சொல்லித்தான் எழுதவைத்தாள், ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. இடது கையால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இரண்டாவது காசோலையில் 'பின்கட்டடக் கூரை பழுதுபார்ப்பு' என்று போட்டிருக்கிறது. அது இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்தக் கூரைதான் என் மேல் விழுந்தது. விழுந்தது பழைய கூரையா, புதுக் கூரையா?"

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாத தகவலை ஊகித்துச் சொல்லக் கூடாது, தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது விவாத விதி. அந்த இரண்டாவது காசோலை தங்களுடையது என்பதால், தெரிந்தவர் தாங்கள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆகவே திரும்பி, "மதிப்பிற்குரிய தலைமை நடுவர் அவர்களே, அது எந்தக் கூரை என்று தாங்களே தெரிவித்தால் எங்கள் அணிக்கு உதவியாக இருக்கும்," என்று கேட்டேன். எங்கள் அணிக்கு உதவியாக இருக்கும் என்றுதான் கேட்டேன், டத்தோ. வேறு எந்த எண்ணமும் இல்லை.

தாங்கள் சிரித்துக்கொண்டே, "அது புரோசஸ்ல இருக்கும்மா. பெரிய ஆளுங்க விஷயம், சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியாது," என்றீர்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, விஷ்ணுப்ரியாவின் பக்கம் திரும்பி, "நடுவர் தந்த தகவலின்படி அது இன்னும் புரோசஸில் இருப்பதால், விழுந்தது பழைய கூரை. அடுத்த கேள்வி?" என்றேன். பதில் சொல்லிவிட்டுக் கேள்விக்குக் காத்திருப்பதும் விதிதான்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் மட்டும் கைதட்டினார். அது சிற்றுண்டிச்சாலை வள்ளியம்மா ஆன்டி. கொசுவை அடித்ததாகத் தங்களிடம் தெரிவிக்கச் சொன்னார். நான்கு முறை அடித்தார்.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். பிரிக்பீல்ட்ஸில் கூட்டம் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டீர்கள். பொன்னாடை நாற்காலியிலேயே இருந்தது. காசோலையும் சாத்தியது சாத்தியபடியே இருந்தது. முடிவும் அறிவிக்கவில்லை. கமலநாதன் ஐயா பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் ஓடினார். கண்ணாடி இறங்கி, பழத்தட்டு மட்டும் உள்ளே போய், கண்ணாடி ஏறியது. ஐயா வெயிலில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மண்டபத்துக்கு வந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். "உக்காரு," என்றார். "டத்தோ பேசினாரு. மனசு நொந்துபோச்சாம். பதினாலாம் தேதி நன்கொடை குடுக்க வர்றதா இருந்த இன்னும் ரெண்டு பேரும் வரலயாம். அவரு சொல்லியிருப்பாரு."

"நான் தப்பாகக் கேட்டுவிட்டேனா ஐயா?"

"கேள்வி சரியான கேள்விதான்." அவர் மேசை மேல் இருந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத நான் கேட்டிருக்கணும். ரெண்டு வருசமா கேக்கல. கேட்டா இருக்கறதும் போயிரும்னு பயம். இப்ப பாரு, நீ கேட்டுட்ட, போயிருச்சு." பிறகு, அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பெயர் கொடுக்க வந்த பெற்றோர்கள் சிவப்பு வெள்ளை நாடாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைச் சொன்னார். இதுவரை ஒன்பது பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். கூரை வராவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி எதற்கு என்று கேட்பார்கள். "அதனால ஒரு மன்னிப்பு எழுதிக் குடு கண்ணு. உனக்காக இல்ல. கூரைக்காக."

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "டத்தோகிட்டயே கேட்டியா? மைக்லயா? அலாமா!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. "அந்தப் புள்ளைக்கு விரலு இன்னும் மூடலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கை கழுவிவிட்டு லோரி டயரைப் பார்க்கப் போனார். காலையில்தான் பார்த்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பிடவே முடியல டத்தோ. நூத்தி நாப்பது பிள்ளைங்களோட கூரைய நான் ஒரு வாக்கியத்துல இழந்துட்டேன்னே நெனப்பா இருக்கு. விஷ்ணுப்ரியாகிட்ட, நீ ஏன் அந்தக் கேள்விய எனக்கு முன்னாடியே சொல்லலன்னு சண்டை போட்டேன். "சொல்லியிருந்தா நீ பதில் தேடிக் கண்டுபிடிச்சிருப்ப. எனக்கு அவரோட பதில்தான் வேணும்," என்றாள். பேச்சுவழக்கில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஐயா இதைப் பார்க்க மாட்டார் என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

ஆகவே, தங்கள் மனத்தைப் புண்படுத்தியதற்கு முழு மனத்தோடு மன்னிப்புக் கேட்கிறேன். பொது இடத்தில் கேட்டதற்கும், ஒலிபெருக்கியில் கேட்டதற்கும், "அடுத்த கேள்வி" என்று சொன்னதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். ஐயா சொல்லி எழுதிய கடிதத்தில் "என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதையும் மனதாரத்தான் எழுதினேன். தங்கள் கோபம் என் ஒருத்தியோடு நிற்கட்டும். வரியை உயர்த்த வேண்டாம் என்று இனி எந்த மேடையிலும் தங்களை உதாரணம் காட்ட மாட்டேன் என்று உறுதி அளிக்கிறேன்.

தங்கள் தொழிலும் குடும்பமும் தழைக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
கார்த்திகா

பின்குறிப்பு: கடிதத்தை விஷ்ணுப்ரியாவிடம் படித்துக் காட்டினேன். திரும்பப் பெறும் வரி செல்லாது என்கிறாள். கேள்வி அவளுடையதாம், நான் எடுத்துக் கொடுத்தவள்தானாம், அவள் திரும்பப் பெறவில்லையாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. ஆகவே அந்த வரியை மட்டும் தயவுசெய்து இல்லாததாகக் கொள்ளவும். யார் வென்றது என்றும் கேட்கச் சொன்னாள்.

இன்னொன்று. தாங்கள் விட்டுச்சென்ற எட்டாவது காசோலையில் "கூரை பழுதுபார்ப்பு, இரண்டாம் கட்டம்" என்று எழுதியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் மண்டபமும் எங்கள் வகுப்பு ஓரத்தில் ஒழுக ஆரம்பித்ததால், ஐயா ஏணி வைத்து ஏறி அதைச் சட்டத்துக்கு அடியில் செருகிக் கட்டிவிட்டார். நன்றாக நிற்கிறது. தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் அரையடி குறைகிறது, அந்த அரையடிக்கு நேர் கீழேதான் விஷ்ணுப்ரியாவின் நாற்காலி. எங்கு உட்கார்ந்தாலும் அவள் இப்போது முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள். தாங்கள் எங்களை மன்னித்து மறுபடி வருவதாக இருந்தால், அடுத்த காசோலையை இதைவிட ஓர் அடி கூடுதல் நீளமாகச் செய்து கொண்டுவர வேண்டுகிறேன். தொகை எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை.