செவலைக்கும் எனக்கும் ஒரே நோய்

ஒரு வீட்டில் ஒரே ஒருவனுக்கு மட்டும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்திருந்தால், மற்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்.

பூதலூரிலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அக்கா செல்வி ஐந்தாவதோடு நின்றவள். நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம். (மைக்ராஸ்கோப்பில் நான் அதுவரை தெளிவாகப் பார்த்தது என் இமை முடியை மட்டும்தான். இது வீட்டுக்குத் தெரியாது.) மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் கடிதம், உரமூட்டையில் அச்சடித்திருப்பது, எதுவானாலும் அப்பா என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். நான் வாசித்துச் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. எனக்கே விளங்காததையும் விளங்கின மாதிரி சொல்லிவிடுவேன். 'தெரியல' என்ற சொல்லை அந்த வீட்டில் நான் சொன்னதே இல்லை.

ஐப்பசி விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது எங்கள் பசு செவலைக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பியிருந்தது. தோல் கழலை நோய். ஊரில் இன்னும் நாலைந்து மாடுகளுக்கும் வந்திருந்தது. அம்மா வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் வைத்து அரைத்து அதன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா, பிரசவத்துக்கு வந்தவள், நிறை வயிற்றோடு உட்கார்ந்து டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். செவலையின் பால்.

அந்த டம்ளரைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி ஏணியின் நாலாவது படியில். ஏறி நின்று, மாட்டு வைரஸ் மனித செல்லுக்குள் போகுமா என்று தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. சில மாட்டு வைரஸ்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்லுக்குள் நுழைந்துவிடும் என்ற வரி வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே படிக்க வேண்டுமானால் பதிவு செய்ய வேண்டுமாம். நான் பதிவு செய்யவில்லை. ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

"அக்கா, அந்தப் பாலைக் கீழ வை!"

"ஏண்டா? காச்சின பால்தானே?"

"மனுச செல்லுக்குள்ள போவுதாம். இப்பதான் படிச்சுட்டு வரேன்."

அக்காவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "குழந்தைக்கு எதுவும் ஆவுமாடா?"

இந்த இடத்தில் 'தெரியல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, "சொல்ல முடியாது" என்றேன். அக்கா அழ ஆரம்பித்தாள்.

உடனே நடவடிக்கையில் இறங்கினேன். செவலையைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துக் கொல்லைக் கோடியில் முருங்கை மரத்தடியில் கட்டினேன். இதற்குப் பெயர் தனிமைப்படுத்தல். நோயைப் பரப்புவது ஈயும் கொசுவும்தான் என்று வகுப்பில் கேட்ட ஞாபகம். அதனால் வேப்பிலையைக் குவித்து மூட்டம் போட்டேன். புகை நேராக மரத்துக்குள் ஏறியது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவையும் குழந்தையையும் காப்பாற்றுகிற வீரனாக மத்தியானம் முழுக்க மரத்தடியிலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது கழுத்தில் அரிப்பு. மறுநாள் விடிந்ததும் பார்த்தால் கழுத்து, தோள், முதுகு எல்லாம் கட்டி கட்டியாகத் தடித்திருந்தது.

போய் செவலையைப் பார்த்தேன். அதற்கும் கட்டி, எனக்கும் கட்டி. அது சோர்ந்து நின்றது. எனக்கும் அசதியாக இருந்தது. (இரண்டு பேரும் முந்தைய நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.)

அறிவியல் முறைப்படி, கட்டி பெருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றையும் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டேன். முதுகு எட்டவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா பேனா பிடித்து நான் பார்த்தது அன்றுதான். நாற்று முடியைப் பிடிக்கிற மாதிரி நாலு விரலாலும் பிடித்துக்கொண்டு, கோணல் மாணலாக என் முதுகில் வட்டம் போட்டார்.

"வலிக்குதாடா தம்பி?"

"வலி இல்லப்பா. அரிப்புதான்."

"அதான் மாட்டுக்கும் வந்திருக்கறதா?"

"ஆமாம்பா. அதேதான்."

அப்பா பேனாவை மூடி என் கையில் கொடுத்தார். "மாடு போனாப் போவுது. புள்ளைங்க இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுத் தரகர் கலியமூர்த்திக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். நோய் கண்ட மாட்டைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். அம்மா மட்டும் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள்.

பத்து மணிக்குக் குட்டி யானை வண்டி வந்து நின்றது. கலியமூர்த்தி என் உடம்பைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"என்ன தம்பி, உடம்பெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

"நோய்ங்க. கிட்ட வராதீங்க."

அப்பா கயிற்றைப் பிடித்து இழுத்தார். செவலை, வண்டியில் சாய்த்து வைத்த பலகையில் முன்கால் இரண்டையும் வைத்தது, அதற்குமேல் ஏறவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து விசும்பினாள். படித்தது பாதிதான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் முதுகில் அப்பா போட்ட வட்டம் இருந்தது. இனிமேல் எந்த முகத்தோடு சொல்வது?

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. கால்நடை டாக்டர், என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். அம்மா தொட்டி ஏணியில் ஏறிப் போன் போட்டது அவருக்குத்தான்.

"மாட்டை எறக்குங்க முதல்ல. யாரு இதை ஏத்தச் சொன்னது?"

எல்லா விரல்களும் என் பக்கம் திரும்பின. நான் மைக்ரோபயாலஜி என்பதில் தொடங்கி, செல்லில் நுழைந்து, முதுகைத் திருப்பி வட்டங்களைக் காட்டி முடித்தேன். அவர் ஒரு வட்டத்தைக் கிட்டப் பார்த்தார்.

"நேத்து எங்க உக்காந்திருந்தீங்க?"

"முருங்கை மரத்தடியில. மூட்டம் போட்டு."

"மேல பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தோம். அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. பட்டை எது பூச்சி எது என்று தெரியாத அளவுக்கு. புகை தாங்காமல் கிளையிலிருந்து விழுந்தவை நான் உட்கார்ந்த இடத்திலும், கழற்றி வைத்து அங்கேயே மறந்துவிட்ட சட்டையிலும் ஊர்ந்துகொண்டிருந்தன.

கலியமூர்த்தி சிரித்த சிரிப்பில் செவலையே மிரண்டது.

"லேப் தட்டுல வளக்கற செல்லுக்குத் தோல் கிடையாது, எதிர்ப்பு சக்தி கிடையாது. அதுக்குள்ள நுழையறதும் ஆளுக்கு நோய் வரதும் ஒண்ணு இல்ல" என்றார் டாக்டர். "மாட்டுலேர்ந்து மனுசனுக்கு வர நோய் வேற இருக்கு. இந்தத் தோல் கழலை மனுசனுக்கு வரதில்ல. அம்மா, ஊசி போடறேன். நான் சொல்ற வரைக்கும் பால் யாரும் குடிக்க வேணாம்."

"பாத்தியாக்கா!" என்று துள்ளினேன்.

"அது ஊசி மருந்துக்காக. வைரசுக்காக இல்ல" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வெறும் வண்டியோடு கலியமூர்த்தி கிளம்பினார். அப்பா என்னிடம் வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்தப் படிச்சதுல கீழ என்னடா போட்டிருந்துது?"

"தெரியலப்பா. முழுசா படிக்கல."

அப்பா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, தான் போட்ட வட்டங்களின்மேல் ஒவ்வொன்றாகத் தடவினார்.

செவலை தேறிவிட்டது. தழும்புகள் மட்டும் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு கன்றும் ஈன்றாகிவிட்டது. அப்பா இப்போதும் எல்லாக் காகிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். நான் வாசித்து முடித்ததும், "மேல பாத்தியா?" என்று ஒரு கேள்வி கேட்பார். நான் மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன்.

அக்கா மகளுக்கு இப்போது மூன்று வயது. போன வாரம் கையில் கொசு கடித்துத் தடித்துவிட்டது. காட்டுவதற்காக என்னிடம் ஓடிவந்தவள், பாதி வழியில் நின்று, தலையை அண்ணாந்து மின்விசிறியைச் சுற்றி ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினாள்.