ஜன்னல் பக்கம்

“உங்க மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?”

தூதரக அதிகாரியம்மா கேட்ட முதல் கேள்வியே லிஃப்ட் மெக்கானிக்கைக் கவிழ்த்துவிட்டது. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முக்கும், எது முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இது அப்படியா? அவருக்கு வேலைக்காலம் முழுக்க இரவு ஷிஃப்ட். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் ஷிஃப்ட். அவர் வந்து படுக்கும்போது கட்டில் காலியாகத்தான் கிடக்கும்.

“ரெண்டு பக்கமும்,” என்று சொல்லிவைத்தார்.

பிடித்த நிறம் தெரியவில்லை. செருப்பு அளவு தெரியவில்லை. எதற்குக் கோபம் வரும் என்ற கேள்விக்கு மட்டும் பட்டென்று, “நான் ஏதாவது சொன்னா வரும்,” என்றார். அதிகாரியம்மா முகத்தில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. மூன்று வாரம் கழித்து இருவரும் வாருங்கள் என்று கோப்பை மூடிவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் ஓய்வு பெற்றாயிற்று, அவளுக்கும் இன்னும் ஒன்றிரண்டு மாதம்தான், பிறந்த நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாக வேண்டுமென்று மனைவி எப்போதோ இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாள். அவர் வாங்கவில்லை. ஆகவே ஒரே தெருவில் பிறந்த இருவரில் அவர் சொந்த நாட்டுக்காரர், அவள் அந்நியப் பெண். அவள் அங்கே குடியிருக்க வேண்டுமென்றால் ‘இவர் மனைவிதான்’ என்று அந்த நாட்டுத் தூதரகம் நம்பி அனுமதி தர வேண்டும். கல்யாணப் பத்திரமோ எந்த வீடு மாறும்போதோ தொலைந்துபோயிற்று. பென்ஷனிலும் ஒரு சிக்கல். இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் முழுசு, பிரிந்தால் பாதி. பாதியை வைத்துக்கொண்டு அங்கேயும் பிழைக்க முடியாது, இங்கேயும் முடியாது.

மனைவியையும் அன்றே தனியாக விசாரித்திருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று மெல்ல விசாரித்தார். உங்களைப் பற்றித்தான், எல்லாம் சொன்னேன் என்றாள் அவள், கடைக்குப் போய் வந்தவள் மாதிரி. தானும் வெளுத்து வாங்கிவிட்டதாக இவர் புளுகினார். தன்னால் அவள் அனுமதி போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, அவள் படுத்திருக்கும் பக்கத்தை உற்றுப் பார்த்தார். கண் விழித்த அவள் பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் அவருக்கு உப்பை நிறுத்திவிட்டார். அவள் செருப்பை டேப்பால் அளந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டார். ‘அப்பாவுக்கு மூளை கலங்கிடுச்சோ என்னவோ, கொஞ்சம் கவனிம்மா’ என்று மகள் ஃபோனில் சொல்ல, மனைவி வீட்டுச் சாவியை ஒளித்துவைத்தாள். நேராகவே கேட்டுவிடுவோம் என்று, உனக்கு எதுக்குக் கோபம் வரும் என்று கேட்டார். இப்படிக் கேட்டால் வரும் என்றாள்.

கடைசியில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது பின்னாலேயே போனார். சலவைக்கூடக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

துணி மடிக்கிற வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். உள்ளே லிஃப்ட்டை விடப் பெரிய இயந்திரங்கள் ஆவி கக்கிக்கொண்டிருந்தன. மலை மலையாய் வெள்ளைத் துணி. நடுவே அவர் பெண்டாட்டி விரலை அசைத்தால் தடிதடியான ஆட்கள் ஓடினார்கள். போர்வைக்குள் ஊசியைப் போட்டனுப்பிய ஒரு பெரிய டாக்டரை நிற்கவைத்து, ஊசியைக் காட்டிக் காட்டி இந்த நாட்டுப் பாஷையில் மழையாகப் பொழிந்தாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். மெக்கானிக்குக்கு அந்தப் பாஷையில் மேலே, கீழே, கதவு, ரிப்பேர் என்று நாலு வார்த்தைதான் வரும். டாக்டர் போனதும் அவள் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. அடி ஆத்தி, இத்தனை வருஷம் நான் யாரோடு குடித்தனம் பண்ணினேன் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் எட்டிப் பார்க்கிற ஆள் என்று காவலாளி சட்டையைப் பிடித்துவிட்டான். இவரைத் தெரியுமா என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரிந்தவர் மாதிரிதான் இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

“என்னை இங்கேயே விட்டுட்டுத் தனியாப் போகப் போறீங்க. அதான் கடைசியா பார்த்துக்கிறீங்க. அப்படித்தானே?”

குரல் உடைந்திருந்தது. அவருக்கு மனசு தாங்கவில்லை. ஒரு கேள்விக்கும் பதில் தெரியாமல் முழித்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“ஜன்னல் பக்கம்,” என்றாள் அவள்.

“தெரியும். வலது கையைக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்குவே.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் ஆனது. அதிகாரியம்மா வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் தொடங்கிவிட்டார். எந்தப் பக்கம் படுப்பாள், எந்தச் செருப்பில் எந்தக் குதிகால் முதலில் தேயும், டாக்டரை எப்படி நடுங்கவைப்பாள், சிரித்தால் அந்தக் கூடமே எப்படி இருக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவரை யாரோ புது மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், எழுந்து உள்ளே போய்விட்டார்.

போச்சு, எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்றிருந்தது.

பியூன் வெளியே வந்து, முத்திரை குத்திய அனுமதியை நீட்டினான். பதில் எல்லாம் சரியாக இருந்ததா என்று அவர் கேட்டார்.

“முத்திரை வரத்தான் மூணு வாரம் ஆச்சு, இதுல போன தடவையே கையெழுத்துப் போட்டாச்சு சார், ஒண்ணுமே தெரியாம நீங்க முழிச்ச முழியைப் பார்த்து, இது நிஜப் புருஷன்தான்னு. இன்னிக்குச் சொன்னதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, இன்னும் கல்யாணமே ஆகாத ஜோடின்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க.”