முதலில் வாட்ச்மேனைக் கேள்

புதுச்சேரியில் என்கொயரி அண்ணன் விசாரிக்காத ஆபீஸ் கிடையாது. அவற்றில் ஒன்றிலாவது அவருக்குச் சொந்தக் காரியம் இருந்ததும் கிடையாது.

காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கு, நோணாங்குப்பத்தில் படகு விட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. அவர் படகு விடப் போவதில்லை. முழங்கால் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கி நடப்பார். கக்கத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அது நிறைய, பூர்த்தி செய்யாத விண்ணப்பப் படிவங்கள். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

நான் நேர் எதிர். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு இஸ்திரிக் கடை. கடையும் வீடும் ஒன்றுதான். யாரிடமும் எதுவும் கேட்க எனக்கு வாய் வராது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்த ஆள். என் மனைவி சரசுவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கையால் பேசுவாள். ஆக எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே வாய், மகள் மலர். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் அம்மாவின் கையைப் பார்த்து அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

பிளஸ் டூ முடித்ததும் மலர் சொன்னாள்: "சைகை மொழிபெயர்ப்புக்குன்னே படிப்பு இருக்குப்பா. அதான் படிப்பேன்."

என் மச்சான் சிரித்தார். "கையாட்டறதுக்கு ஒரு காலேஜா? மாசக் கடைசிக்குள்ள சீட்டு கெடைச்சா பாரு. இல்லன்னா துணிக்கடையில சேத்து வுட்டுடறேன், சொல்லி வச்சிருக்கேன்."

நான் தலையாட்டிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வேண்டுமே. மலர் அன்று சாப்பிடவில்லை.

இஸ்திரிக்குக் கொடுத்த சட்டையை வாங்க வந்த என்கொயரி அண்ணன் இதைக் கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அவர் இதுவரை விசாரிக்காத படிப்பு அது.

"நாளைக்கிக் கெளம்பு" என்றார்.

புதுச்சேரியில் இன்டர்ப்ரெட்டர் படிப்பு என்று வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான் வரும்: "பிரெஞ்சா?" முதல் இடம் எங்களைப் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பியது. அந்த வகுப்பு இன்னொரு பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பியது. அங்கே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு எந்த பாஷைக்கு?"

"சைகைக்குங்க" என்றார் அண்ணன்.

"அதுக்கும் பிரெஞ்சு தெரிஞ்சிருந்தா நல்லது."

அண்ணன் அதையும் குறித்துக்கொண்டு, படிவமும் வாங்கிப் பையில் போட்டார்.

அடுத்து ஒரு நாட்டியப் பள்ளி. "கை முத்திரை இவங்ககிட்ட இல்லாததா?" என்பது அண்ணனின் வாதம். டீச்சர் அம்மா தாமரை காட்டினார், மயில் காட்டினார். மலர் பணிவாக, "ரேஷன் கார்டு காட்டுங்க மிஸ்" என்றாள். வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் மலர் போனில் தேடி, வெளியூரில் இரண்டு இடம் கண்டுபிடித்தாள். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "போன்ல இருக்கறது போர்டும்மா. போர்டு இருக்கற கடையெல்லாம் தொறந்தா இருக்கு? நேர்ல போவணும். போனாலும் ஆபீஸ்ல கேக்கக் கூடாது. மொதல்ல வாட்ச்மேனைக் கேக்கணும்."

சரசுவிடம் கடையை விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி. ஆபீஸ் மேடம் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளத் தயார். மலர் பேனாவைத் திறந்துவிட்டாள். அண்ணனைக் காணோம். திடீரென்று உள்ளே ஓடி வந்து படிவத்தைப் பிடுங்கினார்.

"எழுதாத! அங்கீகாரம் முடிஞ்சுபோச்சாம். போன வருஷம் படிச்ச புள்ளைங்க சர்டிபிகேட் வரலன்னு வாசலாண்ட நின்னு அழுதுட்டுப் போச்சாம். வாட்ச்மேன் சொல்றான்." மேடம் பக்கம் திரும்பினார். "அங்கீகாரக் கடுதாசி இருந்தா காட்டுங்கம்மா."

மேடம், "டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

பிடுங்கிய படிவம் மஞ்சள் பைக்குள் போய்விட்டது.

இரண்டாவது இடம் பெயின்ட் உதிர்ந்த கட்டடம். எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் வாட்ச்மேன், கேன்டீன்காரர், பெருக்கும் அம்மா மூவரையும் விசாரித்துவிட்டு, "போலாம்" என்றார். இரண்டு வருஷ டிப்ளமோ. அங்கீகாரக் கடிதம் சுவரிலேயே மாட்டியிருந்தது. நேர்முகம் செய்த டீச்சருக்கும் காது கேட்காது. அவர் கையால் கேட்டார், மலர் கையால் சொன்னாள். சில சைகைகள் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை போலிருக்கிறது. டீச்சர் சிரித்து, சரியானதைக் காட்டிக் கொடுத்தார். மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது சீட்டு கிடைத்தது.

மலர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் அண்ணன் அவளிடம் வந்து நின்றார்.

"எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா. பதிலெல்லாம் வாணாம். கேள்வி மட்டும் போதும்."

யார், என்ன, எங்கே, எப்போ, எவ்வளவு. ஐந்தும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குக் கடை முன்னால் வந்து, சரசுவிடம் ஐந்து கேள்வியையும் வரிசையாகக் கேட்பார். அவளும் கை ஓயாமல் பதில் சொல்வாள். வஞ்சிரம் விலை, எதிர்வீட்டுச் சண்டை, என் மேல் உள்ள புகார்கள். அவருக்கு ஒன்றும் விளங்காது. "அப்படியா, அப்படியா" என்று வாயால் சொல்லிவிட்டு முழுத் திருப்தியோடு போவார். எல்லோரும் என்னைப் பார்த்து "அவங்க என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்கள். சரசுவின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் வெளியாள் இவர்தான்.

போன வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. பத்தரை ஆனது. சரசு என் பக்கம் திரும்பி, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக் காட்டினாள். அவள் அவருக்கு வைத்த பெயர் அது. பிறகு உள்ளங்கையை விரித்தாள். எங்கே?

அவர் வீடு எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பேங்க் வாட்ச்மேன் முன்னால் நின்று, வாயைத் திறந்து கேட்டேன்.