தட்டு ஓடுது, யாரும் நடக்காதீங்க

ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் அத்தான் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டவுடனே அவர் மேல் ஒரு மரியாதை வந்திருக்குமே? அவசரப்படாதீர்கள். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தொட்டியிலிருந்து இறக்கப்பட்டு, தரையில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அத்தான் கழுவியது இசைத்தட்டுகளை. காய்ச்சி வடித்த தண்ணீர், பச்சைக் குழந்தைக்குப் போடுகிற சோப்பில் இரண்டு சொட்டு, ஏதோ ஒரு பிராணியின் மயிரில் செய்த பிரஷ், துடைப்பதற்கு அக்காவின் துணி மூட்டையிலிருந்து கேட்காமல் கிழித்தெடுத்த லைனிங் துணி. கல்யாணம் ஆனதிலிருந்து தான் குடித்த டம்ளரைக் கழுவி அறியாத கை அது. இப்போது ஒரு கறுப்பு வட்டத்தை, பிள்ளையின் தலையைத் தாங்குவது போலத் தாங்கிப் பிடித்திருந்தது.

"ஏங்க, காபி போடணும். கொஞ்சம் நகருங்களேன்" என்றாள் அக்கா.

"ஈரம் காயறதுக்குள்ள தூசி பட்டா எல்லாம் போச்சு. நீ அங்கயே நில்லு. நடந்தா தூசி கிளம்பும்."

கல்லூரிக்குப் போகும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, எனக்குத் தும்மல் வருது. இங்கயே தும்மிக்கலாமா, வாசலுக்குப் போகணுமா?"

"வாசலுக்குப் போ" என்றார் அத்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் இசைத்தட்டு மீட்பர். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். ஐம்பதை ஒட்டிய வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கம், பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் மூச்சு மாறிவிடும் சுபாவம். தட்டின் உறையைப் பிரித்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பாட்டு யாருடையது என்று நீங்கள் கேட்டால், "அது கிடக்கட்டும், இது முதல் அச்சு தெரியுமா?" என்பார். உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னால், அது தட்டில் வரவில்லை என்பார்; தட்டில் வராத பாட்டுப் பாட்டே இல்லை என்ற தோரணை அதில் இருக்கும். அவரிடம் இருப்பதெல்லாம் என்ன? கிடைத்ததெல்லாம்தான். ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி, அந்நிய மொழி கற்றுக்கொள்ளும் பாடம் மூன்றாம் பகுதி, நீராவி ரயில்கள் நிலையத்தை விட்டுப் புறப்படும் ஓசைகள். அந்த ரயில் தட்டை அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ரயில் கிளம்பும்போது முகத்தில் ஒரு பிரிவுத்துயரம்கூடத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் நிஜ ரயில் போனால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறவர் அவர்.

இவரைப் பிறவி ரசிகர் என்று நினைத்துவிடாதீர்கள். இளவயதில், தன் அப்பா ஆசையாக வாங்கிய ரெக்கார்ட் பிளேயரையும் தட்டுகளையும், கேசட் வந்த கையோடு, "இனிமே இதை எவன் கேப்பான்?" என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டவர் இவர்தான். சி.டி. வந்தது, கேசட்டுகள் போயின. "கரகரப்பே இல்ல பாரு, கண்ணாடி மாதிரி!" என்றார். பிறகு எல்லாப் பாட்டும் போனுக்குள் வந்தது, சி.டி.க்கள் மாடித் தோட்டத்தில் குருவி விரட்டத் தொங்கின. ஒவ்வொரு முறையும் வீட்டிலுள்ளவர்கள் உட்கார்ந்து கேட்டு, ஆஹா சொல்லியாக வேண்டும். போன வருஷம் பல் டாக்டரின் கிளினிக்கில் ஒரு தட்டு ஓடியதாம்; கேட்டதும் பல்வலியே தெரியவில்லையாம். மரத்துப்போகிற ஊசியைப் போட்ட பிறகு கேட்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அன்றிலிருந்து, "கண்ணாடி மாதிரி இருந்தா அதுல உயிர் எங்கேர்ந்து வரும்? கரகரப்புதான்யா உயிர்" என்று ஆரம்பித்தார். கூடத்து மின்விசிறி கரகரத்தால் மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு உடனே போன் போகும்.

தட்டு ஓடும்போது விசிறி கூடாது. குக்கர் கூடாது. கதவு கூடாது, அதாவது திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. யாராவது நடந்தால் ஊசி குதிக்கும். "தட்டு ஓடுது, யாரும் நடக்காதீங்க!" என்ற குரல் கேட்டதும் அந்த வீட்டில் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிடுவார்கள்; ஒரு தடவை அக்கா கரண்டியோடு நடுக் கூடத்தில், தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற வரை நின்றாள். இதிலெல்லாம் என்ன அழகு என்று கேளுங்கள். "ஒரு பக்கம் முடிஞ்சதும் நாமளே எழுந்து போய்த் திருப்பிப் போடறோம் பாருங்க, அந்த உழைப்புதான் அழகு" என்பார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்புக்கு அடுத்த அறையிலிருந்து ஆள் கூப்பிடுகிறவர்!

சரி, ஒரு மனிதர் தன் வீட்டில் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? இருக்கட்டும். ஆனால் என் அக்கா தையல்காரி. மோட்டார் மாட்டிய அவள் மெஷின் கூடத்து ஜன்னலடியில்தான் வெகுகாலமாக இருந்தது. காலையிலிருந்து சாயந்திரம் வரை அங்கே வெளிச்சம். வருகிறவர்கள் ஜன்னல் வழியாகவே துணியைக் கொடுத்து, அளவையும் சொல்லி, பக்கத்து வீட்டுச் செய்தியையும் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். தட்டு வந்ததும், மெஷின் அதிர்வில் ஊசி குதிக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது. "ஒரே ஒரு வாரம்" என்று சொல்லி மெஷினைத் தூக்கி சாமான் அறையில் வைத்தார் அத்தான். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ஜன்னல் கிடையாது. பழைய சூட்கேஸ்கள், இறக்கை உடைந்த விசிறி, சோகை பிடித்த ஒரு பல்பு. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை உண்டு. கருநீலத் துணி, கருநீல நூல். அந்தப் பல்பு வெளிச்சத்தில் தையல் எங்கே போகிறது என்று தையலுக்கே தெரியாது. போன தடவை இரண்டு பாவாடைகள் விளிம்பு கோணலாகத் திரும்பி வந்தன. "உங்க கையா இது? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆள்தான் பாக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். மறுபடி கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. அதற்குத்தான் நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூடத்தில் மீட்பர்கள் சபை கூடுவதென்று முடிவாகியிருந்தது.

"ரெண்டு மணி நேரம் மெஷின் வேண்டாமே" என்றார் அத்தான்.

"நாளைக்குக் காலையில கொடுக்கணுங்க. ஜன்னல்கிட்ட இருந்தா நேத்தே முடிச்சிருப்பேன்."

"சரி சரி, ஓட்டு. மெதுவா ஓட்டு. சத்தம் வெளில வரக்கூடாது."

பல் டாக்டர் வந்தார். சபையின் மூன்றாவது மீட்பரான ஆடிட்டர் வந்தார். இருவரும் வாசலிலேயே செருப்போடு குரலையும் கழற்றிவிட்டு வந்தது போல ரகசியம் பேசினார்கள். ஸ்பீக்கர்கள் பலகைத் தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றன. அவற்றுக்குப் புதிதாக மாட்டிய, பாம்பு பருமனுக்கு ஒரு கேபிளை மூவரும் குனிந்து தரிசித்தார்கள். விசிறி நின்றது. ஊசி இறங்கியது. யாரோ ஒருவர் தனியாகக் குழல் வாசிக்கும் தட்டு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்கா பெடலை மெல்ல அழுத்தினாள். மோட்டார் முனகியது. நான் மடிப்பு பிடித்துக் கொடுத்தேன்.

"ஆஹா!" என்றது அந்தப் பக்கம். பல் டாக்டரின் குரல். "அந்த அடிநாதம் கேக்குதா சார்?"

"கேக்காம என்ன? வயித்துக்குள்ள இறங்குதே. எல்லாம் கேபிள்" என்றார் அத்தான்.

ஒற்றைக் குழலுக்கு அடிநாதம் எங்கிருந்து வரும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அக்கா தையலின் ஓரத்துக்கு வந்து, காலை எடுத்து, துணியைத் திருப்பினாள்.

"பாத்தீங்களா, இந்த இடத்துல ஒரு மௌனம் விட்டிருக்கான்" என்றார் ஆடிட்டர். "போன்ல கேட்டா இதெல்லாம் வராது."

மறுபடி ஓட்டினாள். "உயிர் சார், உயிர்!" என்றார் டாக்டர். பாவாடையின் நேர்த்தையல் வந்தபோதெல்லாம் அவர்கள் உருகினார்கள். மடிப்பு மூலையில் அவள் விட்டுவிட்டு அழுத்தியபோது, வாசிப்பவரின் தாளக்கட்டை மெச்சினார்கள். நான் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துணிக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்து, கோணல் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் எழுந்து போய், உழைத்து, தட்டைத் திருப்பிப் போட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் நூல் அறுந்தது. கருநீல நூலை அந்த இருட்டில் ஊசியில் கோக்க வேண்டும். அவளும் முயன்றாள், நானும் முயன்றேன், நூலை நாக்கில் ஈரப்படுத்தி மறுபடி அவளே முயன்றாள். அந்தப் பக்கம் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"என்ன சார், சப்பையா இருக்கு?"

"ரெண்டாவது பக்கம் கொஞ்சம் அப்படித்தான்."

"இல்ல சார், உயிரே போயிடுச்சு. காத்துல ஈரமா இருக்குமோ?"

"ஊசி சூடாயிடுச்சோ?"

"கேபிளைத் திருப்பி மாட்டிப் பாருங்களேன்."

மாட்டிப் பார்த்தார்கள். உயிர் வரவில்லை. பிளேயருக்குக் கரண்ட் வருகிற பிளக் சாமான் அறையில் இருந்தது; அதில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து அத்தான் கால் விரல் நுனியில் உள்ளே வந்தார். குனிந்து பிளக்கைத் தொட்டார். அதே கணம் அக்கா நூலைக் கோத்து முடித்து, பெடலை அழுத்தினாள்.

"ஆங்! வந்துடுச்சு!" என்று கத்தினார் டாக்டர். "என்ன சார் பண்ணீங்க?"

அக்கா துணியை நகர்த்தக் காலை எடுத்தாள்.

"ஐயோ, போச்சே!"

அழுத்தினாள்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! அப்படியே பிடிச்சுக்குங்க, கையை எடுக்காதீங்க!"

அத்தான் பிளக்கிலிருந்து கையை எடுத்தார். உயிர் அப்படியே இருந்தது. மெதுவாகத் திரும்பி மெஷினைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பெடலின் மேல் இருந்த பாதத்தைப் பார்த்தார். அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரியை மட்டும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? சிரித்துவிடுவார். வெளியே போய், "அது என் வீட்டுக்காரி தைக்கிற மெஷின்யா!" என்று நண்பர்களின் முதுகில் தட்டுவார். மீட்பர் அப்படிச் செய்வாரா? தலையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டி, "எர்த் கனெக்ஷன் லூசா இருந்தது, சரி பண்ணிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நிறுத்தாத. ஓட்டிட்டே இரு."

"கடைசித் தையல் முடிஞ்சுடுச்சு. இனி பட்டன்தான், கையில தைக்கணும்."

"துணி இல்லாம சும்மா ஓட்டு. இந்தப் பக்கம் முடியற வரைக்கும்."

அக்கா காலை எடுத்தாள். தடுப்புக்கு அப்பால் ஓர் ஓலம் எழுந்தது.

"ஓட்டறேன். மெஷினை ஜன்னல்கிட்ட எப்ப கொண்டுபோறீங்க?"

அத்தான் யோசித்தார். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி அப்படியே இருக்க, தடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார், மெஷினுக்கும் பலகைக்கும் நடுவே சாண் போட்டு அளந்தார், பல்பைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான ரசிகனின் நேர்மை வந்ததை நான் பார்த்தேன்.

"ஜன்னல்கிட்ட வெச்சா இந்த எஃபெக்ட் வராதே" என்றார். "இந்த இடம்தான் கரெக்டா இருக்கு. இங்கயே இருக்கட்டுமே?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இசைத்தட்டு இல்லை, அதனால் இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது இல்லை. நல்லது. உங்களிடம் இருப்பது தொட்டிச் செடிகளா? விடிகாலை மூச்சுப்பயிற்சியா? மீன் தொட்டியா? கேமராவா? எழுத்தா? எதுவானாலும் சரி, அடுத்த முறை அதில் மெய்ம்மறந்து, "ஆஹா, என்ன அமைதி, என்ன நிறைவு" என்று கண்ணை மூடும்போது, ஒரு நிமிஷம் எழுந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் இல்லையென்றால் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். இருந்தால், அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலில் இப்போது உங்களுடையது எது இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

அக்கா சுவரில் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அதன் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள். தைத்து முடித்த பாவாடைகளை அடுக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு கையில் பட்டன் டப்பா, இன்னொரு கையில் தான் எப்போதும் உட்காரும் ஸ்டூல்.

"எங்க போற?" என்றார் அத்தான். "அங்க தட்டு ஓடுது. கொஞ்ச நேரம் இரேன். நான் என்ன தப்பாவா சொல்லிட்டேன்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் தைக்கிறதுக்கு இருக்கும்தானே?"

ஸ்டூல் கதவு நிலையில் டமாரென்று மோதியது. அக்கா அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் இருந்த பக்கமாக, முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்து போனாள்.