இடுப்பில் துப்பாக்கியோடு பெண் கேட்கப் போனேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இதுவரை நிஜத் துப்பாக்கி ஒன்றைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் இருபத்தாறு வயதில், தாமுவே மார்க்கெட்டில் போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்த நாட்களில், துப்பாக்கி விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவன் யாங்கோனிலேயே ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒருவன் பக்கத்துக் கடையில் போன் உறை விற்கும் கோ ஸா. (அவனும் தொட்டதில்லை.)

எங்கள் அறிவெல்லாம் வீடியோவில் வந்தது. யாரோ ஒரு தாடிக்காரர் மேசைமேல் வரிசையாகத் துப்பாக்கிகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, குறை நிறை சொல்லுவார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் வருஷத்துக்கு ஒன்று வாங்குவோம், பொம்மைதான். உள்ளே ஸ்பிரிங், வெளியே வருவது மிளகு அளவு மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு. மற்றவர்கள் தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல நாங்கள் தடின்ஜூட் விளக்குப் பண்டிகை வந்தால் புத்தர் கோயில் சந்தையில் துப்பாக்கி எடுப்போம். முதல் வருஷம் டார்ச் வைத்த நீளத் துப்பாக்கி. அடுத்த வருஷம் மடக்குகிற தோள்கட்டை வைத்தது. வாங்கியதும் துடைத்து எண்ணெய் போடுவோம். (பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் எதற்கு என்று என் அப்பா கேட்டார். பதில் சொல்லாமல் துடைத்தேன்.)

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஊரில் நிஜத் துப்பாக்கிகள் தெருமுனைக்கே வந்துவிட்ட காலம் அது. மணல் மூட்டைக்குப் பின்னால் நிற்கும் ராணுவக்காரரைக் கடக்கும்போது நானும் கோ ஸாவும் தலையைக் குனிந்துகொண்டு, வேகமாகவும் போகாமல் மெதுவாகவும் போகாமல் நடப்போம். கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் எங்கள் வீரம் திரும்பி வரும். பயந்துபோனவர்கள் பொம்மையைப் பிடித்துக்கொண்டு பேசினோம், அவ்வளவுதான். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் முதல் முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன். கோ ஸா இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கைத்துப்பாக்கி என்பது ஒருவனுடைய குணத்தைக் காட்டும் என்றான். பெரிதாக வாங்கினால் பயந்தவன், சின்னதாக வாங்கினால் கஞ்சன் என்று அர்த்தமாம். என் உள்ளங்கையை ஸ்கேலால் அளந்தான். விரல் நீளத்தை உறை ஆர்டர் எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டான். கடைசியாக ஒரு சோதனை சொன்னான்.

"லுங்கி இடுப்புல, பின்னாடி சொருகிக்க. கொஞ்ச நேரம் நட. அது இருக்குன்றதே மறந்துபோச்சுன்னா, அதான் உன் துப்பாக்கி."

எங்கள் ஊரில் ஆண்கள் பர்ஸையும் போனையும் லுங்கியின் பின்பக்கம் சொருகிக்கொண்டுதான் ஊரெல்லாம் சுற்றுவார்கள். ஆகவே சோதனை எனக்கு மிக நியாயமாகப் பட்டது.

இதே நேரத்தில் என் வாழ்க்கையில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. மல்லிகா. க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் போகும் தெருவில் மரவீடு. மருந்துக்கடையில் வேலை. அப்பா ஊ சோ தமிழர், துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். அம்மா டோ மியா பர்மியப் பெண்மணி, கல்யாணமாகி வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். மல்லிகாவுக்கு ஓர் அண்ணன், மியோ. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில், நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட மலைப்பக்கம் போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு போன்கூட வந்ததில்லை.

என்னைப் பற்றி மல்லிகா வீட்டில் சொன்னபோது, ஊ சோ சாதியோ வருமானமோ எதுவும் கேட்கவில்லையாம். சாயங்காலம் ஆனால் வீடு வந்து சேருகிற பையனா என்று மட்டும் கேட்டிருக்கிறார். இவள் ஆமாம் என்றிருக்கிறாள். அப்படியானால் தடின்ஜூட்டுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்றால் எங்கள் கல்யாணம் நடக்காது. அந்த வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை சொல்லாமல் வெளியே போகாது என்பதை மல்லிகா எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தாள்.

தடின்ஜூட் அன்று பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி மூன்று முறை கும்பிட வேண்டும். அவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். அதற்கென்று காலரில்லாத வெள்ளைச் சட்டை, அதன்மேல் டைப்பொன் என்கிற குட்டையான மேல்சட்டை, புது லுங்கி என்று மாப்பிள்ளை போலவே கிளம்பினேன். கையில் மூங்கில் கூடை. அதில் வாழைப்பழம், பிஸ்கட் டின், காபி மிக்ஸ், ஊ சோவுக்கு ஒரு லுங்கி.

பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே பண்டிகைச் சந்தை. மணி இரண்டரை. வரச்சொன்னது மூன்று மணிக்கு. மனிதனுக்கு அரை மணி நேரம் கையில் கிடைக்கவே கூடாது.

அந்த வருஷம் துப்பாக்கியை யாரும் வெளியே வைத்து விற்கவில்லை. பலூன் விற்கிறவர் மேசைத் துணிக்குக் கீழே வைத்திருந்தார். அதைப் பார்த்தே நான் திரும்பியிருக்க வேண்டும். நான் குனிந்து மேசைக்கடியில் தலையை விட்டு, ஐந்து துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நான்காவது கைக்கு அப்படியே பொருந்தியது. கறுப்பு, நல்ல கனம், விசை இழுத்தால் மெல்லிய சத்தம். அதன் பெட்டியோ என் கூடையைவிடப் பெரியது. வருங்கால மாமனாருக்குக் கொண்டுபோகும் வாழைப்பழத்தோடு துப்பாக்கியை வைப்பது மரியாதையில்லை என்று தோன்றியது. (மரியாதை பற்றியெல்லாம் அப்போது யோசித்திருக்கிறேன், பாருங்கள்.) பெட்டியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, துப்பாக்கியைப் பின்னால் லுங்கியில் சொருகி, டைப்பொன்னை இழுத்து மூடிக்கொண்டேன்.

பிறகு சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். கோ ஸாவின் சோதனையில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். மல்லிகா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது இடுப்பில் துப்பாக்கி இருப்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஊ சோவும் டோ மியாவும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகைக்காக இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ காகித விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கூடையை அவர்கள்முன் வைத்து, மண்டியிட்டு, முதல் கும்பிடு போட்டேன். ஊ சோ நல்ல கணீர்க் குரலில் வாழ்த்த ஆரம்பித்தார். நோய் அண்டாமல், நீண்ட ஆயுளோடு, செய்கிற தொழில் பெருகி.

இரண்டாவது முறை குனிந்தேன். டைப்பொன் முதுகில் மேலே ஏறியது எனக்குத் தெரிந்தது. எந்த ஆபத்தும் உன்னை நெருங்காமல் என்று சொல்ல வந்தவர், ஆபத்து என்ற சொல்லில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்து மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் உருகியதில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் மூன்றாவது கும்பிடை நன்றாகவே போட்டேன், நெற்றி பலகையில் இடிக்கும் அளவுக்கு.

துப்பாக்கி நழுவி, என் விலாப்பக்கமாக மரத்தரையில் விழுந்தது.

ஊ சோ தோளிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக அதன்மேல் போட்டார். டோ மியா எழுந்து போய் ஒரு ஜன்னலைச் சாத்தினார், பிறகு மற்றதை. மல்லிகா சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் விவரிக்க விரும்பவில்லை. இது பொம்மை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். இந்தத் தெருவில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அதுவரை எனக்கு ஏதாவது ஆகும் என்றுகூட நான் யோசித்ததில்லை.

டோ மியா திரும்பி வந்து என் எதிரில், மிக அருகில் உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே வந்தபோது வா என்றதுகூடப் பர்மிய மொழியில்தான். அக்கம்பக்கத்தில் காது இருக்குமென்று இப்போது தமிழில், தணிந்த குரலில் கேட்டார்.

"நீ அவங்க ஆளாப்பா? என் மவனைப் பாத்தியா?"

நான் தரையில் கிடந்த துண்டைப் பார்த்தேன். நான் சொல்லத் தயங்குகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"எங்க இருக்கான்னு சொல்ல வேணாம். சாப்புடுறானா, அது மட்டும் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒன்றரை வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வி அது. அதற்குப் பதிலாக நான் செய்தது என்னவென்றால், துண்டை விலக்கி, துப்பாக்கியை எடுத்து, குண்டுப் பகுதியைக் கழற்றி, அவர் உள்ளங்கையில் கவிழ்த்தேன். மஞ்சள் குண்டுகள் ஏழெட்டு உருண்டன.

"அம்மா, இது பொம்மைங்க," என்றேன். "சந்தையில வாங்குனேன். மன்னிச்சிருங்க."

அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை. பிள்ளையைப் பார்த்த ஒருவன் வந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நம்பிய ஒரு தாயிடமிருந்து, அந்த ஒரு நிமிஷத்தை நானே பிடுங்கிக்கொண்டேன். அப்படி வெட்கப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஊ சோ துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். காய்ந்த மிளகாய் இடிக்கும் கல்லுரலில் போட்டு இடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எத்தன வயசு உனக்கு?" என்றார் ஊ சோ.

சொன்னேன்.

"இவன் எங்கயும் போக மாட்டான்," என்று மனைவியிடம் சொன்னார். "இவ்ளோ முட்டாப் பய சாயங்காலமானா வீட்டுக்குத்தான் வருவான். குடுத்துரலாம்."

உலகத்தில் இந்தக் காரணத்துக்காகப் பெண் கொடுக்கப்பட்ட மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மல்லிகா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் கடைக்கு வந்து, கோ ஸாவைத் திட்டித் தீர்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கல்யாணத் தேதி சொன்னாள். நீளத் துப்பாக்கிகள் இரண்டையும் கோ ஸாவும் நானும் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உடைத்தோம். அதன்பிறகு வருஷா வருஷம் நாங்கள் வாங்குவது காகித விளக்கு மட்டும்தான்.

இப்போது ஒவ்வொரு தடின்ஜூட்டுக்கும் நான் கும்பிடப் போனால், மாமா முதலில் விரலைச் சுழற்றிக் காட்டுவார். நான் டைப்பொன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பைக் காட்ட வேண்டும். சோதனை முடிந்த பிறகுதான் மண்டியிட அனுமதி. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். மாமா கதையை முதலிலிருந்து சொல்லுவார், நான் கண் கலங்கியதை நடித்தே காட்டுவார். துப்பாக்கி விழுந்ததும் கதை முடிந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

போன வருஷம் என் அப்பாவும் வந்திருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இங்கிதமும் அப்படியே. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அப்புறம் சம்பந்தியம்மா என்ன சொன்னீங்க என்று உரக்கக் கேட்டுவிட்டார். மல்லிகா என் கையைப் பிடித்தாள்.

அத்தை கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஒண்ணு கேட்டேன் சம்பந்தி. மாப்பிள்ளைக்குப் பதில் தெரியல," என்றார். "தெரிஞ்சவன் ஒருத்தன் வரட்டும். இடுப்புல என்ன வச்சிருந்தாலும் உள்ள வந்து உக்காருன்னுதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, அப்பாவின் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி மொஹிங்கா மீன்சாறு ஊற்றினார்.