கிசாபுரோ வைத்த வைரப் பரீட்சை

தான் சாகப் போகிறோமா இல்லையா என்பதை ஒரு வைர பிரேஸ்லெட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுவது என்று கிசாபுரோ முடிவு கட்டினார்.

டாக்டரைக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். தொண்ணூறாம் வருஷத்து டோக்கியோவில் டாக்டர் என்பவர் கெட்ட சேதியை நோயாளியின் பெண்டாட்டியிடம்தான் சொல்வார். நோயாளியிடம், "வயித்துப்புண், குடியைக் குறைங்க" என்று சிரிப்பார். கிசாபுரோவிடமும் அப்படித்தான் சிரித்தார். பிறகு, "ஒரு கையெழுத்து வேணும்" என்று அவர் மனைவி நோபுயோவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஒரு கையெழுத்துக்குப் பதினொரு நிமிஷம். நோபுயோ என்பது அவ்வளவு நீளமான பெயர் இல்லை.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "வெறும் புண்ணாம். வாங்க, முட்டைக்கோசு மலிவா போடறான்" என்றாள்.

கிசாபுரோவுக்கு இந்த நாடகம் புதிதல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் அண்ணனுக்கும் இதே வயிறு, இதே "புண்". அண்ணனிடம் ஆறு மாதம் பொய் சொன்னவர் சாட்சாத் கிசாபுரோதான். அந்த ஊரில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் கொள்ளை விலை கொடுத்து வாங்கும், மரப்பெட்டியில் ரிப்பன் கட்டிய முலாம்பழத்தோடு வாராவாரம் போய், "அடுத்த வருஷம் மீன் பிடிக்கப் போறோம்ண்ணே" என்று தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு வருவார். அண்ணன் கடைசிவரை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்பது கிசாபுரோவின் எண்ணம்.

ஆகவே ஒரு மாதமாக அவர் வீட்டில் முலாம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தார். முலாம்பழம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அவ்வளவு விலை கொடுத்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உயிர் போகப் போகிறது என்று அர்த்தம். நோபுயோ வாங்கி வந்ததோ கறுத்துப்போன வாழைப்பழம். அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. உண்மையிலேயே வெறும் புண்ணாக இருக்கலாம். அல்லது நோபுயோ கெட்டிக்காரியாக இருக்கலாம்.

அப்போதுதான் பிரேஸ்லெட் யோசனை உதித்தது. கிசாபுரோ கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் ஆசிரியர். அந்தக் கார்களில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அந்த பிரேக் நோபுயோவின் காலடியில். குளித்த தண்ணீரிலேயே துணி துவைக்கிறவள். வைரம் என்ற பேச்சை எடுத்ததும் அவள் பிரேக் அடிக்க வேண்டும். அடித்தால் ஆயுசு கெட்டி. "உங்க இஷ்டம்ங்க" என்று விட்டுவிட்டாளானால் கதை முடிந்தது.

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகுதே. உனக்கு ஒரு வைர பிரேஸ்லெட்..."

"டாக்டர் புண்ணு வயித்துலன்னுதானே சொன்னாரு? மூளையிலயுமா?"

கிசாபுரோவுக்கு மிசோ சூப் இனித்தது. "நெசமாத்தான் சொல்றேன்" என்றார்.

"சரி, பாத்துட்டு வரலாம். தனியா விட்டா கண்ணாடிச் சில்லை வாங்கிட்டு வந்து நிப்பீங்க."

இனிப்பு பாதியில் நின்றது. இது பிரேக்கா, இல்லையா?

சனிக்கிழமை ஒக்காச்சிமாச்சியில், ரயில் பாலத்தடியில் இருக்கும் ஒரு நகைக்கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மாள் ஒசெக்கி கறுப்பு வெல்வெட்டில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"இதுக்கு டென்னிஸ் பிரேஸ்லெட்னு பேருங்கம்மா."

"எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. அதுக்கு ஏதாவது குறைப்பீங்களா?"

நோபுயோ ஒன்றை எடுத்துத் தன் கம்பளி மேலங்கியில் தேய்த்தாள். "பாருங்க, நூலை இழுக்குது. கல்லைப் பிடிச்சிருக்கிற கம்பி சரியில்ல." அடுத்ததை விரலில் தொங்கவிட்டாள். "நடுவுல மடங்குது." மூன்றாவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "இந்த ஏழாவது கல்லு ஏன் அழுத மூஞ்சியா இருக்கு? மாத்துங்க. இல்லைன்னா விலையைக் குறைங்க."

கிசாபுரோ பரீட்சையை இன்னும் கொஞ்சம் கடினமாக்கினார். பெரிய கற்கள் வைத்ததைச் சுட்டி, "அது எப்படி?" என்றார்.

"அதை மாட்டிக்கிட்டு நான் முள்ளங்கி வாங்கப் போகவா? கையைக் கீழ போடுங்க."

அவள் விலையைக் குறைக்கக் குறைக்க அவருக்கு ஆயுசு கூடிக்கொண்டே போனது. ஒசெக்கி அம்மாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். சாகப் போகிறவன் பெண்டாட்டி இப்படியா பேரம் பேசுவாள்? வெறும் புண்தான்! அழுகை வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

விலை படிந்தது. "இதோட கொக்கி இரட்டைப் பூட்டுங்கம்மா" என்றாள் ஒசெக்கி அம்மாள். "கழண்டே விழாது. ஆனா ஒத்தைக் கையால மாட்ட வராது, ஐயாதான் மாட்டிவிடணும். அதுக்காகவே கேட்டு வாங்கறவங்க உண்டு."

கிசாபுரோ பெருமையாகக் கையை நீட்டினார்.

"இது வேண்டாம்" என்றாள் நோபுயோ. "ஒத்தைக் கையால மாட்டற மாதிரி வேற போடுங்க."

"ஐயா பக்கத்துலதானே இருக்காரு?"

"இப்ப இருக்காரு. அப்புறம் நான் யாரைப் போய்..."

நிறுத்திவிட்டாள். தலைக்கு மேலே ஒரு ரயில் போனது. ஒசெக்கி அம்மாள் சுருங்காத வெல்வெட்டை நீவிவிட்டாள்.

கிசாபுரோவுக்குப் பயமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் நோபுயோவின் காது சிவந்து கிடந்தது. ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்ததை ஒரு கொக்கியில் தவறவிட்டவள் தலை நிமிராமல் நின்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அண்ணனையே நம்பவைத்த ஆள் அல்லவா? தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்றா! பகல் பூரா நான் ஸ்கூல்ல கிடப்பேன். அவசரத்துக்கு யாரு மாட்டிவிடறது? வேற கொக்கியே போடுங்க. முப்பது வருஷத்துக்குத் தாங்கணும், சொல்லிட்டேன்!"

மாடிப் பட்டறைக்கு அனுப்பிக் கொக்கியை மாற்றித் தந்தார்கள். நோபுயோ ஒற்றைக் கையால் மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். சுலபமாகவே வந்தது.

திரும்பும் ரயிலில் அவள் புதுக் கொக்கியையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள் என்று கிசாபுரோ நினைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"என்னங்க."

"சொல்லு."

"இனிமே தொடையைத் தட்டாதீங்க. உங்களுக்குப் பொய் வராது."

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"உங்க அண்ணனுக்கு முதல் முலாம்பழத்துலயே தெரிஞ்சு போச்சு. 'தம்பி பாவம், கஷ்டப்பட்டு நடிக்கிறான். நான் நம்பற மாதிரியே இருந்துட்டுப் போறேன்'னு என்கிட்ட சொன்னாரு. ஆறு மாசமும் நடிச்சது அவருதான்."

கிசாபுரோ வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது. நோபுயோ அவர் கையைத் தொடையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைரம் அவர் மணிக்கட்டில் சில்லென்று பட்டது.

"எவ்வளவு நாளாம்?"

"இலையுதிர் காலம் வரைக்கும்னு டாக்டர் சொன்னாரு."

ரயில் நின்றது. நோபுயோ எழுந்து, கைக்குட்டையால் முதலில் அவர் முகத்தையும் பிறகு தன் முகத்தையும் துடைத்தாள்.

"எந்திரிங்க. இனிமே ஒளிக்க என்ன இருக்கு? போற வழியில ஒரு முலாம்பழம் வாங்கிடலாம்."